பிரிட்டனில் சொந்தக் கம்பெனி வழியாக காண்ட்ராக்ட் வேலை: கையெழுத்துப் போடும் முன் ஐஆர்35 நிலையைச் சரிபார்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் ஐ.டி. காண்ட்ராக்ட் வேலைக்கு மாறுகிற நம்மவர்களில் பலர் முதலில் செய்வது லிமிடெட் கம்பெனி பதிவு. அடுத்து வங்கிக் கணக்கு, அதற்கடுத்து அக்கவுண்டன்ட். டே ரேட் (நாள் கட்டணம்) பேசி முடித்து வேலையில் சேர்வதற்கு மூன்று நாள் இருக்கும்போது ஏஜென்சியிலிருந்து ஒற்றை வரியில் மின்னஞ்சல் வரும்: இந்த ரோல் இன்சைட் ஐஆர்35. அதாவது, கம்பெனி வழியாக வந்தாலும் வரிக் கணக்கில் நீங்கள் ஊழியர் மாதிரிதான்; இன்சைடா அவுட்சைடா என்பதைத்தான் ஐஆர்35 ‘நிலை’ என்கிறோம். “இப்ப இந்த கம்பெனிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” என்று எனக்கு போன் வருவது அப்போதுதான்.

வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தத் தலைவலியில் பாதி இல்லை. முதலில் நிலை, பிறகு ரேட், கடைசியில்தான் கம்பெனி. கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன. நடுவில் ஒன்றைத் தாண்டிப் போனால் அடுத்த படியில் தவறான கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கணக்குகள் 2025-26 வரியாண்டின் விகிதப்படி போட்டவை. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குப் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சம்பளத்துக்கான வருமானவரி விகிதங்கள் வேறு.

## முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

- உங்கள் விசா நிபந்தனை எழுதப்பட்ட பக்கம்
- வேலை விவரக் குறிப்பு, ஏஜென்சி அனுப்பிய வரைவு ஒப்பந்தம்
- இறுதி கிளையன்டின், அதாவது நீங்கள் உண்மையில் வேலை செய்யப் போகும் நிறுவனத்தின், சட்டப்பூர்வப் பெயர் (ஏஜென்சியின் பெயர் அல்ல, பல ரிக்ரூட்டர்கள் இதைக் கடைசிவரை சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்)
- உங்களை நேர்காணல் செய்த மேனேஜரிடம் பேச அரைமணி நேரம்

கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் படியில் அது இல்லாமல் நகர முடியாது.

## 1. விசா முதலில்

ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இருப்பவர், ஸ்பான்சர் செய்த வேலையை விட்டுவிட்டு சொந்தக் கம்பெனி வழியாக காண்ட்ராக்டுக்குப் போக முடியாது. அந்த விசா அந்த முதலாளியோடு கட்டப்பட்டது. நிரந்தரக் குடியிருப்பு கிடைத்தவர்கள், குடியுரிமை பெற்றவர்கள், வேலைக்குக் கட்டுப்பாடு இல்லாத டிபென்டன்ட் விசாவில் இருப்பவர்கள் ஆகியோருக்குத்தான் மீதிப் படிகள். வரி பற்றி மூன்று மணி நேரம் பேசிய பிறகு விசா இடிக்கிறது என்று தெரிந்த கதை எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது.

## 2. சட்டம் கேட்கும் கேள்வியைப் புரிந்துகொள்ளுங்கள்

வெள்ளிக்கிழமை மாலை ஊழியராக வீட்டுக்குப் போன ஒருவர், திங்கட்கிழமை காலை அதே நாற்காலியில் சொந்தக் கம்பெனியின் பெயரில் வந்து உட்காருகிறார். வேலையும் மேனேஜரும் மாறவில்லை. ஆனால் நிறுவனம் அவருக்காக நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தின் மேல் கட்டும் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு) கட்டுவதில்லை. அவரும் சம்பளத்தைக் குறைத்து, மீதியை டிவிடெண்டாக (கம்பெனியின் லாபப்பங்காக) எடுத்துக்கொள்கிறார். வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. தவிர்ப்பு என்று பார்ப்பது இதைத்தான். 2012-ல் அரசின் மாணவர் கடன் நிறுவனத் தலைவருக்கே இப்படி ஒரு கம்பெனி வழியாகப் பணம் போனது வெளியே வந்தது. அதையடுத்து நிதித்துறை கணக்கெடுத்தபோது, மத்திய அரசுப் பணிகளில் மட்டும் 2,400-க்கும் மேற்பட்டோர் சம்பளப் பட்டியலுக்கு வெளியே பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

2000 ஏப்ரல் 6 முதல் நடப்பில் உள்ள ஐஆர்35 விதி கேட்பது ஒரே கேள்வி: நடுவில் இருக்கும் உங்கள் கம்பெனியை எடுத்துவிட்டு, நீங்களே நேரடியாக கிளையன்டுடன் ஒப்பந்தம் போட்டதாக வைத்துக்கொண்டால், நீங்கள் அவர்களுடைய ஊழியரா? ஆம் என்றால் இன்சைட்: அந்தப் பணம் சம்பளம்போல் வரிக்குட்படும். இல்லை என்றால் அவுட்சைட்: அது உங்கள் கம்பெனியின் வருமானம்.

கேள்வி ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் கேட்கப்படுகிறது. “என் கம்பெனி அவுட்சைட் கம்பெனி” என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒன்று கிடையாது. ஒரே கம்பெனி ஒரே மாதத்தில் ஒரு கிளையன்டிடம் இன்சைடாகவும் இன்னொருவரிடம் அவுட்சைடாகவும் இருக்கலாம்.

## 3. முடிவு எடுக்க வேண்டியவர் யார்?

யார் முடிவெடுக்கிறாரோ, பெரும்பாலும் அவர் பக்கம்தான் தவறுக்கான செலவும் விழும். அதனால் நிலையை ஆராயும் முன் இது தெரிய வேண்டும்.

அரசுத் துறை: 2017 ஏப்ரல் முதல் கிளையன்ட்தான் முடிவெடுக்க வேண்டும். அமைப்பு சிறியதா பெரியதா என்ற பேச்சே இல்லை.

நடுத்தர, பெரிய தனியார் நிறுவனம்: 2021 ஏப்ரல் 6 முதல் இங்கும் கிளையன்ட்.

சிறிய தனியார் நிறுவனம்: உங்கள் கம்பெனியே முடிவெடுக்க வேண்டும். அதாவது நீங்கள்.

பிரிட்டனில் எந்த அலுவலகமும் இல்லாத வெளிநாட்டு கிளையன்ட்: இங்கும் நீங்கள்தான். லண்டனில் உட்கார்ந்து சென்னை நிறுவனம் ஒன்றுக்கு நேரடியாக வேலை செய்தாலும், அவர்களுக்கு இங்கே கிளை இல்லையென்றால் பொறுப்பு உங்கள் தலையில்.

சிறிய நிறுவனம் என்பதற்கு மூன்று அளவுகளில் இரண்டுக்குள் அடங்க வேண்டும்: ஆண்டு விற்பனை 1.02 கோடி பவுண்டு, சொத்து மொத்தம் 51 லட்சம் பவுண்டு, ஊழியர் 50 பேர். 2025 ஏப்ரல் 6-க்குப் பிறகு தொடங்கும் நிதியாண்டுகளுக்கு முதல் இரண்டும் 1.5 கோடி, 75 லட்சம் என்று உயர்ந்துவிட்டன. ஆனால் ஐஆர்35-க்குக் கணக்கில் வருவது ஏற்கெனவே முடிந்த நிதியாண்டுகள் என்பதால், புது அளவு உங்கள் கிளையன்டுக்கு உடனே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய குழுமத்தின் துணை நிறுவனமாக இருந்தால், தனியாகப் பார்க்கச் சின்னதாகத் தெரிந்தாலும் சிறியது ஆகாது. சந்தேகம் இருந்தால் எழுத்தில் கேளுங்கள். 45 நாட்களுக்குள் அவர்கள் தங்கள் அளவைச் சொல்லியாக வேண்டும்.

புதியவர்கள் வழுக்குகிற இடம் இதுதான். ஸ்டார்ட்-அப் நிறுவனர் “நாங்க சின்ன கம்பெனி, எங்களுக்கு ஐஆர்35 கிடையாது” என்பார். அவர் சொல்வது தனக்குப் பொறுப்பு கிடையாது என்று. கேட்கிறவர் தனக்கும் கிடையாது என்று எடுத்துக்கொள்கிறார். விதி அப்படியே இருக்கிறது; நாளை நிலை தவறு என்று தெரிந்தால் நோட்டீஸ் உங்கள் கம்பெனிக்கு வரும்.

## 4. ஒப்பந்தத்தைப் படியுங்கள், அதற்கு மேலே இருப்பதையும்

உங்கள் கையில் இருப்பது உங்கள் கம்பெனிக்கும் ஏஜென்சிக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். ஏஜென்சிக்கும் கிளையன்டுக்கும் இடையே இன்னொன்று இருக்கிறது. கீழ் ஒப்பந்தத்தில் “பதிலாளை அனுப்பலாம்” என்று இருக்கும். மேல் ஒப்பந்தத்தில் “குறிப்பிட்ட நபரே வேலை செய்ய வேண்டும்” என்று இருக்கும். வரித்துறை இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும்.

மேல் ஒப்பந்தத்தை முழுதாகத் தர மாட்டார்கள், வணிக ரகசியம் என்பார்கள். விலை விவரத்தை அழித்துவிட்டு, பதிலாள், மேற்பார்வை, வேலை நேரம், முடிப்பதற்கான அறிவிப்பு ஆகிய நான்கு பிரிவுகளை மட்டும் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால், மேல் ஒப்பந்தம் கீழ் ஒப்பந்தத்தோடு முரண்படவில்லை என்று ஏஜென்சியிடம் மின்னஞ்சலில் ஒரு வரி வாங்குங்கள்.

ஒப்பந்தத்தைச் சட்ட வல்லுநரிடம் கொடுத்து அழகாகத் திருத்தி வாங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. காகிதத்தில் எழுதியிருப்பதும் தினசரி நடப்பதும் வேறாக இருந்தால் நடப்பதுதான் நிற்கும்.

## 5. வேலை உண்மையில் எப்படி நடக்கப் போகிறது?

இந்தப் படிக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்குங்கள். மேனேஜரிடம் அரைமணி நேரம் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

1968-ல் வந்த ரெடி மிக்ஸ்டு கான்கிரீட் வழக்குத் தீர்ப்பு இன்றும் அடிப்படை. கூலிக்காகத் தன் உழைப்பைத் தானே தரும் கடமை, போதுமான அளவு கட்டுப்பாடு, மற்ற நிபந்தனைகளும் வேலை ஒப்பந்தத்தோடு பொருந்துவது ஆகிய மூன்றும் இருந்தால் ஊழியர். இதை நாற்காலிக்குக் கொண்டுவந்தால் கேட்க வேண்டியவை இவை.

பதிலாள். “எனக்கு முடியாத வாரத்தில், அதே திறமையுள்ள வேறொருவரை என் கம்பெனி அனுப்பினால் ஏற்றுக்கொள்வீர்களா? அவருக்குப் பணம் நான் கொடுப்பேன்.” நண்பர் ஒருவரின் ஒப்பந்தத்தில் பதிலாள் பிரிவு அரைப் பக்கத்துக்கு இருந்தது. மேனேஜரிடம் கேட்கச் சொன்னேன். “ஐயோ, அதெல்லாம் வேண்டாம், ஆள் வேணும்னா நாங்களே இன்டர்வியூ பண்ணிக்கிறோம்” என்ற பொருளில் பதில் வந்தது. அந்த அரைப் பக்கத்துக்கு அதோடு மதிப்பு போயிற்று. உண்மையான பதிலாள் உரிமை ஐ.டி. வேலையில் அரிது, பாதுகாப்புச் சோதனை, கணினி அனுமதி என்று ஆயிரம் தடை. இருந்தால் பெரிய பலம். இல்லையென்றால் இருப்பதாக நடிக்காதீர்கள்.

கட்டுப்பாடு. என்ன, எப்படி, எப்போது, எங்கே. என்ன செய்வது என்று சொல்ல எந்த கிளையன்டுக்கும் உரிமை உண்டு, அதனால் மட்டும் நீங்கள் ஊழியர் ஆகிவிடுவதில்லை. எப்படிச் செய்வது என்பதை யார் தீர்மானிக்கிறார்? தரவு இடமாற்றத்தைத் திட்டமிட்டு முடித்துக்கொடு என்பது ஒன்று. காலை ஒன்பதரை ஸ்டாண்ட்-அப்பில் டீம் லீட் எடுத்துக்கொடுக்கிற டிக்கெட்டைச் செய்வது இன்னொன்று. ஒரு வேலை முடிந்ததும் உங்களைக் கேட்காமலே வேறு திட்டத்துக்கு மாற்ற முடியுமானால் அது வலுவான இன்சைட் அறிகுறி.

விடுமுறை விஷயத்தில் நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் மாட்டிக்கொள்வார்கள். “மே லீவ் கிடைக்குமா?” என்று எழுதுவது ஊழியர். “மே 12 முதல் 23 வரை என் கம்பெனி சேவை தராது, திட்ட அட்டவணையை இப்படி மாற்றியிருக்கிறேன்” என்று எழுதுவது வியாபாரம். ஊருக்குப் போகும் ஆறு வார டிக்கெட்டை மேனேஜர் ஒப்புதலுக்குப் பிறகுதான் பதிவு செய்ய முடியும் என்றால், வார்த்தையை மாற்றி எழுதுவதால் எதுவும் மாறாது.

பரஸ்பரக் கடமை. அடுத்த வேலையைத் தரும் கடமை அவர்களுக்கும், ஏற்கும் கடமை உங்களுக்கும் இருக்கிறதா என்பது. “எங்களுக்குள் அந்தக் கடமையே இல்லை, அதனால் நான் அவுட்சைட்” என்ற ஒற்றைக் காலில் முன்பு பலர் நின்றார்கள். கால்பந்து நடுவர்கள் வழக்கில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித்தனியாகப் போடும் ஒப்பந்தத்துக்குள்ளேயே அந்தக் குறைந்தபட்சக் கடமை இருக்கிறது என்று சொல்லிவிட்டது. இந்தக் காலை மட்டும் நம்பாதீர்கள்.

பண இழப்பு அபாயம். நீங்கள் செய்த பிழையைச் சொந்த நேரத்தில், பில் போடாமல் திருத்துவீர்களா? விலை திட்டத்துக்கா, நாளுக்கா? நாள் கணக்கில் வாங்குவதால் மட்டும் தோற்றுவிட மாட்டீர்கள்; ஆனால் எந்த அபாயமும் இல்லாமல் மாதாமாதம் ஒரே தொகை வந்தால் அது சம்பளம் மாதிரியே தெரியும்.

அமைப்புக்குள் கலப்பது. கிளையன்டின் ஊழியர்களுக்கு நீங்கள் மதிப்பீடு எழுதுகிறீர்களா? நிறுவன வரைபடத்தில் உங்கள் பெயர் கட்டம் போட்டு இருக்கிறதா? ஊழியர் நலச் சலுகைகள் கிடைக்கின்றனவா? மின்னஞ்சல் கையொப்பத்தில் “வெளி ஆலோசகர்” என்று இருக்கிறதா? ஒவ்வொன்றும் சிறியதுதான், சேர்ந்தால் படம் கிடைக்கும்.

நீதிமன்றங்கள் பெட்டிகளில் டிக் அடித்து எண்ணுவதில்லை, முழுப் படத்தைப் பார்க்கின்றன. தொலைக்காட்சித் தொகுப்பாளர்கள் இருவர் இதற்கு உதாரணம். பி.பி.சி.யின் வட்டாரச் செய்தி நிகழ்ச்சியை நடத்திய கிறிஸ்டா அக்ராய்ட் 2018-ல் தோற்றார். ஐ.டி.வி. நிகழ்ச்சிகளுக்காக வழக்காடிய லொரைன் கெல்லி 2019-ல் வென்றார். தொழிலின் பெயர் ஒன்றுதான். அதனால் “என் ஃப்ரெண்டும் இதே ரோல்தான், அவன் அவுட்சைட்” என்பதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது.

மேனேஜரிடம் பேசிய அன்றே, பேசியதைச் சுருக்கி அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். “நாம் பேசியபடி, நான் புரிந்துகொண்டது இது; தவறிருந்தால் சொல்லுங்கள்.” அவர் ஆமாம் என்று ஒரு சொல் எழுதினால் போதும். நான்கு வருடம் கழித்து அந்த மேனேஜர் வேறு நிறுவனத்தில் இருப்பார், மின்னஞ்சல் மட்டும் உங்களிடம் இருக்கும்.

## 6. செஸ்ட் கருவியை ஓட்டுங்கள்

எச்.எம்.ஆர்.சி. இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் நிலை சோதனைக் கருவியைக் காண்ட்ராக்டர்கள் செஸ்ட் என்பார்கள். கேள்விகளுக்குப் பதில் சொன்னால் இன்சைட், அவுட்சைட், முடிவு சொல்ல இயலவில்லை என மூன்றில் ஒன்று வரும். கொடுத்த விவரம் சரியாக இருந்தால் அந்த முடிவை ஏற்போம் என்று வரித்துறையே சொல்கிறது.

ஐந்தாம் படிக்குப் பிறகு இதை வைத்ததற்குக் காரணம் உண்டு. பதில் தெரியாமல் ஓட்டுகிறவர்கள், அவுட்சைட் வரும்வரை பதிலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அப்படி வாங்கிய முடிவு உங்களைக் காப்பாற்றாது. மின்னஞ்சலில் உறுதியான பதில்களை மட்டும் கொடுங்கள். முடிவுப் பக்கத்தைத் தேதியோடு பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள், பக்கத்தை மூடினால் போயே போய்விடும்.

முடிவு சொல்ல இயலவில்லை என்று வந்தால் அதை அவுட்சைட் என்று படிக்காதீர்கள். அப்போதுதான் ஐஆர்35 தெரிந்த வல்லுநருக்குப் பணம் செலவழிப்பதில் பொருள் இருக்கிறது.

## 7. நிலை அறிக்கையை வாங்குங்கள், தேவையானால் மறுத்து எழுதுங்கள்

கிளையன்ட் முடிவெடுக்கும் வேலையானால், அவர்கள் எஸ்.டி.எஸ். எனப்படும் நிலை அறிக்கையைத் தர வேண்டும். அதில் முடிவும் காரணமும் இரண்டும் இருக்க வேண்டும். நியாயமான கவனத்தோடு எடுத்திருக்க வேண்டும். உங்களுக்கும் வர வேண்டும், அவர்கள் நேரடியாக ஒப்பந்தம் போட்டிருக்கும் ஏஜென்சிக்கும் போக வேண்டும். “ரோல் இன்சைட்” என்று ரிக்ரூட்டர் போனில் சொல்வது நிலை அறிக்கை ஆகாது.

காரணம் உங்கள் வேலையோடு பொருந்தவில்லையென்றால் மறுக்க உரிமை உண்டு. மறுப்பு கையில் கிடைத்ததிலிருந்து 45 நாட்களுக்குள் கிளையன்ட் பதில் சொல்ல வேண்டும்: ஒன்று முடிவை மாற்ற வேண்டும், அல்லது மாற்றாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு அவர்கள் மேலேயே விழும்.

மறுப்பு எழுதும்போது கோபமாகச் சட்டம் பேசாதீர்கள். அறிக்கையின் ஒவ்வொரு காரணத்துக்கும் நேரே, நடைமுறை என்ன, அதற்கு ஆதாரம் எந்த மின்னஞ்சல் என்று மட்டும் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். முடிவு அதே நிறுவனத்திடமே திரும்பிப் போகிறது என்பதால் வெற்றி வாய்ப்பு பெரிதில்லை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் சேர்வதற்கு முன் எழுதியவர்களில் சிலர், நிலை மாறாவிட்டாலும் ரேட்டை ஏற்றி வாங்கியிருக்கிறார்கள்.

## 8. இப்போது ரேட்டைக் கணக்குப் போடுங்கள்

டே ரேட் 500 பவுண்டு, ஆண்டுக்கு 220 நாள் என்று வைப்போம். மொத்தம் 1,10,000. ஓய்வூதியப் பங்களிப்பு, மாணவர் கடன் எதுவும் சேர்க்கவில்லை.

இன்சைட், அம்ப்ரெல்லா கம்பெனி (உங்களைத் தன் ஊழியராக வைத்து, வரி பிடித்துச் சம்பளம் தரும் இடைநிலை நிறுவனம்) வழியாக: அம்ப்ரெல்லாவின் கட்டணம் ஆண்டுக்கு 1,100 என்று எடுத்தேன். மீதமுள்ள 1,08,900-லிருந்து முதலாளியின் நேஷனல் இன்சூரன்ஸ் (5,000-க்கு மேல் 15 சதவீதம்) 13,490, அப்ரென்டிஸ் வரி 475 போனால், உங்கள் மொத்தச் சம்பளம் 94,935. அதில் வருமானவரி 25,406, ஊழியர் பங்கு நேஷனல் இன்சூரன்ஸ் 3,909. கைக்கு வருவது 65,620.

அவுட்சைட், சொந்தக் கம்பெனி வழியாக: சம்பளம் 12,570, அதன் மேல் முதலாளி இன்சூரன்ஸ் 1,136, அக்கவுண்டன்ட், காப்பீடு முதலான செலவு 2,500 என்று வைத்தால் லாபம் 93,794. கார்ப்பரேஷன் வரி 50,000 வரை லாபத்துக்கு 19 சதவீதம், 2,50,000-க்கு மேல் 25; நடுவில் விகிதம் படிப்படியாக ஏறும். இங்கே 21,105. மீதி 72,689-ஐ முழுவதும் டிவிடெண்டாக எடுத்தால் அதற்கு வரி 15,064. கைக்கு வருவது 70,195.

வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 4,600 பவுண்டு. பலர் கற்பனை செய்திருக்கிற இருபதாயிரம் அல்ல. 2026 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் வரி 8.75-லிருந்து 10.75 ஆகவும், மேல் விகிதம் 33.75-லிருந்து 35.75 ஆகவும் ஏறுவதால், இதே கணக்கில் வித்தியாசம் 3,100 அளவுக்குக் குறைகிறது.

கம்பெனியில் பணத்தை விட்டுவைத்து, டிவிடெண்டை 37,700-க்குள் (குறைந்த விகிதத்துக்கான எல்லை) நிறுத்துகிறவர்களுக்கு அந்த வருடம் வரி நன்றாகக் குறையும். ஆனால் அது தள்ளிப்போகிறதே தவிர மறைவதில்லை; பிற்பாடு எடுக்கும்போது கட்ட வேண்டும்.

இந்தக் கணக்கின் பயன் பேரத்தில். இன்சைட் வேலையில் அதே 70,195 கைக்கு வர வேண்டுமானால் டே ரேட் ஏறத்தாழ 550 வேண்டும். சம்பளம் ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வரிவிலக்குத் தொகை கரையத் தொடங்குவதால், கடைசிச் சில பவுண்டுகளுக்கு அதிகமாகவே கேட்க வேண்டியிருக்கிறது. ரிக்ரூட்டரிடம் “இன்சைட்னா ரேட் ஏத்துங்க” என்று சொல்வதைவிட “இன்சைட் என்றால் 550” என்று சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும்.

விளம்பரத்தில் உள்ள ரேட் அம்ப்ரெல்லாவுக்கா, சம்பளத்துக்கா என்று கேட்க மறக்காதீர்கள். மேலே பார்த்த 500, சம்பளமாக 431 பவுண்டுதான். முதலாளியின் இன்சூரன்ஸை என் சம்பளத்திலிருந்து பிடித்துவிட்டார்கள் என்று முதல் பேஸ்லிப் வந்ததும் சண்டைக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள்.

## 9. இன்சைட் என்றால்: அம்ப்ரெல்லாவைத் தேர்ந்தெடுத்தல்

இன்சைட் வேலையையும் உங்கள் கம்பெனி வழியாகச் செய்யலாம். பணம் தருகிறவர் வரியைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். நடைமுறையில் பெரும்பாலான ஏஜென்சிகள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளாமல் அம்ப்ரெல்லாவுக்கு அனுப்பிவிடும். இதற்காகப் புதுக் கம்பெனி தொடங்காதீர்கள்.

சேரும் முன் மாதிரிக் கணக்குத் தாளை வாங்கி எட்டாம் படிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். சில நூறு பவுண்டு முன்னே பின்னே இருக்கலாம். கைக்கு 80, 85 சதவீதம் வரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். குறைந்தபட்சக் கூலி அளவுக்குச் சின்னச் சம்பளம், மீதி “கடன்”, “அட்வான்ஸ்”, “மானியம்” என்ற பெயரில் இரண்டாவது பணவரவு என்பதுதான் அந்தத் திட்டங்களின் அமைப்பு. திருப்பிக் கட்டவே வேண்டாத கடன் என்பது சம்பளம்தான். மாட்டும்போது திட்டம் விற்றவர் காணாமல் போயிருப்பார், வரித்துறை கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில். இப்படிப்பட்ட திட்டங்களின் பெயர்ப் பட்டியலை எச்.எம்.ஆர்.சி. வெளியிடுகிறது, சேரும் முன் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

2026 ஏப்ரல் 6 முதல் அம்ப்ரெல்லா கட்டாமல் விட்ட வரிக்கு ஏஜென்சியும் பொறுப்பேற்க வேண்டும் என்று விதி மாறுகிறது. அதனால் ஏஜென்சிகளின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியல் சுருங்கும். உங்களுக்குப் பிடித்த அம்ப்ரெல்லா அதில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

## 10. அவுட்சைட் என்றால்: இப்போது கம்பெனி, கூடவே ஒரு கோப்பு

பதிவு செய்வது அரை நாள் வேலை. 2025 நவம்பர் 18 முதல் இயக்குநர் தன் அடையாளத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைத் தயாராக வையுங்கள். பன்னிரண்டு மாத விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் வாட் பதிவு கட்டாயம். மேலே போட்ட 500 பவுண்டு ரேட்டில் ஒரே வருடத்தில் தாண்டிவிடுவீர்கள். தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டை முதல் நாளுக்கு முன்பே எடுங்கள்; பெரும்பாலான ஒப்பந்தங்கள் கேட்கும்.

இவற்றைவிட முக்கியமானது ஆதாரக் கோப்பு. அன்றன்றைக்குப் போட்டு வையுங்கள்:

- மேனேஜர் உறுதி செய்த மின்னஞ்சல், செஸ்ட் முடிவு, நிலை அறிக்கை
- கட்டணம் வாங்காமல் திருத்திக்கொடுத்த வேலைகள்
- மறுத்த வேலைகள், மாற்றிப் பேசிய எல்லைகள்
- சொந்தக் கருவிகள், மென்பொருள், பயிற்சிக்குச் செய்த செலவு
- அதே காலத்தில் வேறு கிளையன்டுகளுக்குப் போட்ட பில்கள்

கவனக்குறைவான தவறு என்று பட்டால் எச்.எம்.ஆர்.சி. ஆறு வருடம் பின்னோக்கிப் போகும். வேண்டுமென்றே செய்ததென்றால் இருபது. சாதாரணத் தவறுக்கு நான்கு. ஆதாரம் இருந்தால், முடிவு தவறாகவே போனாலும் கவனக்குறைவு என்ற சொல்லுக்கு உங்களிடம் பதில் இருக்கும்.

சிறிய கிளையன்டுக்கு நீங்களே முடிவெடுத்திருந்தால், ஏன் அவுட்சைட் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். அலுப்பாக இருக்கும். ஆனால் அங்கே உங்களைத் தவிர வேறு யாரும் அதை எழுதப் போவதில்லை.

## 11. நீட்டிப்பு வரும்போது ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள்

ஆறு மாதத் திட்டம் முடிகிறது. “இன்னும் ஆறு மாதம் இருங்களேன்” என்கிறார்கள். பெரும்பாலான அவுட்சைட் வேலைகள் கெட்டுப்போவது இங்கேதான். முதல் ஆறு மாதம் தெளிவான ஒரு பணி இருந்தது. இரண்டாவது ஆறு மாதத்தில் “டீமுக்கு உதவி” என்று ஆகும். பிறகு ஒரு ஜூனியரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். எந்த நாளில் ஊழியராக மாறினீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

நீட்டிப்பு மின்னஞ்சல் வந்ததும் புதிய பணி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அதற்குத் தனி அட்டவணை போடச் சொல்லுங்கள். செஸ்டை மறுபடி ஓட்டுங்கள். கிளையன்டிடம் புதிய தேதியிட்ட நிலை அறிக்கை கேளுங்கள். பழையது பழைய பணிக்கானது.

பயணச் செலவுக்கும் இதே நேரத்தில் ஒரு கண் வேண்டும். உங்கள் வேலை நேரத்தில் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஒரே இடத்தில், 24 மாதங்களுக்கு மேல் இருப்பீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து, அந்த இடத்துக்குப் போய்வரும் ரயில் செலவைக் கம்பெனிக் கணக்கில் வரிவிலக்காகக் காட்ட முடியாது. 24 மாதம் முடிந்த நாளிலிருந்து அல்ல, தெரிந்த நாளிலிருந்து. பதினெட்டாம் மாதத்தில் ஒரு வருட நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டால், அன்றைக்கே நிறுத்த வேண்டும்.